பில்லரிக்கு எட்டாதவர்கள்

லண்டனில் கார்ன்ஹில் என்று ஒரு தெரு இருக்கிறது. இன்றைக்குப் போனால் பெரிய பெரிய அலுவலகக் கட்டடங்களும் அவசரமாக நடக்கும் கோட்டு மனிதர்களும்தான் கண்ணில் படுவார்கள். அறுநூறு, அறுநூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு அதே தெருவில் நகரத்தின் பில்லரி நின்றது. பக்கத்திலேயே பழைய துணிமணி விற்கும் சந்தை. அதில் திருட்டுச் சாமானும் தாராளமாகப் புழங்கியது என்று ஒரு பாட்டு சொல்கிறது. இன்னொரு கவிதையில் அதன் நாயகன், ‘கார்ன்ஹில்லில் ஒரு குடிசையில் கிட்டும் நானும் குடியிருந்தபோது’ என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போகிறான். கிட் அவன் மனைவி. கவிதை, வில்லியம் லாங்லண்ட் எழுதிய ‘பியர்ஸ் ப்ளௌமன்’, அதாவது உழவன் பியர்ஸ்.

தண்டிக்கும் மேடை, திருடிய பொருள், அங்கதம் எழுதுகிற ஆள், மூன்றும் ஒரே தெருவில். ஆங்கிலத்தின் தொடக்ககால அங்கதக் கவிதைகளில் குற்றமும் தண்டனையும் ஏன் இவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று கேட்டால், நான் முதலில் இந்தத் தெருவைத்தான் காட்டுவேன்.

பில்லரி என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். தொழுமரம் என்றால் நமக்குத் தெரியும். உட்காரவைத்துக் காலை மாட்டுவது. பில்லரி அதற்கு அண்ணன். உயரமான மேடை, நடுவில் ஒரு கம்பம், அதன்மேல் துளையிட்ட பலகை. ஆளை நிற்கவைத்துக் கழுத்தையும் இரு மணிக்கட்டுகளையும் அதில் பூட்டிவிடுவார்கள். வலி உண்டுதான், ஆனால் நோக்கம் அவமானம். கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுவது என்கிறோமே, அதே வகை.

இந்தத் தண்டனையில் லண்டன்காரர்கள் காட்டிய கற்பனை வளம் வியக்கவைக்கும். 1327ல் ஜான் பிரிட் என்ற ரொட்டிக்காரரும் அவரது கூட்டாளிகள் சிலரும் பிடிபட்டார்கள். அந்தக் காலத்தில் வீட்டுப் பெண்கள் மாவைப் பிசைந்து ரொட்டிக்கடைக்குக் கொண்டுபோய் அங்குள்ள அடுப்பில் சுட்டு வாங்குவார்கள். மாவை உருட்டித் தருவதற்கு அவர் ஒரு மேசை வைத்திருந்தார். அந்த மேசையில் ஒரு துளை, எலிப்பொறி மாதிரி திறந்து மூடும் கதவோடு. அடியில் ஒரு வேலையாள் உட்கார்ந்திருப்பான். மேலே வாடிக்கையாளரின் மாவு உருளும்போதே கீழிருந்து அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுப்பான். தீர்ப்பு இது: மேசைக்கு அடியில் மாவு அகப்பட்டவர்கள் அந்த மாவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பில்லரியில் நிற்கவேண்டும், துளை மட்டும் இருந்து மாவு அகப்படாதவர்கள் மாவு இல்லாமல் நிற்கவேண்டும். செயின்ட் பால் தேவாலயத்தில் மாலை வழிபாடு முடியும்வரை.

1364ல் ஜான் பென்ரோஸ் கெட்டுப்போன ஒயின் விற்றார். அவருடைய ஒயினை அவரே ஒரு மடக்குக் குடிக்கவேண்டும், மிச்சத்தை அவர் தலையிலேயே ஊற்றவேண்டும் என்று தீர்ப்பானது. 1382ல் ரோஜர் கிளார்க் என்ற போலி வைத்தியர். காய்ச்சல்காரப் பெண்ணின் கழுத்தில் ஒரு தோல்சுருளைத் தாயத்து மாதிரி கட்டிவிட்டுக் காசு வாங்கியவர். அவரைச் சேணமில்லாத குதிரையில் ஏற்றி, ஊதலும் குழலும் ஒலிக்க நகரத்தைச் சுற்றிக் கொண்டுபோனார்கள். கழுத்தில் அந்தத் தோல்சுருள், பொய்யர்களுக்கென்றே வைத்திருந்த சாணைக்கல், போதாததற்கு மூத்திரம் பரிசோதிக்கும் குடுவைகள்.

இதைப் படிக்கும்போது நீதிமன்றப் பதிவேடு படிக்கிற உணர்வா வருகிறது? எனக்கு வசைக்கவி படிக்கிற உணர்வுதான் வருகிறது. குற்றத்துக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதைக் குற்றவாளியின் கழுத்தில் கட்டி, ஊரே சிரிக்கும்படி நிறுத்துவது அங்கதக்காரனின் வேலை. எழுத்துக்குப் பதிலாக மாவையும் ஒயினையும் வைத்து நகராட்சி அதைச் செய்துகொண்டிருந்தது.

ஆனால் அந்த மேடையில் ஏறியவர்களின் பட்டியலைப் பாருங்கள். ரொட்டிக்காரர், ஒயின் வியாபாரி, போலி வைத்தியர், பீர் விற்ற பெண்கள். ரொட்டிக்கும் பீருக்கும் 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே சட்டம் வந்துவிட்டது. அதன் கணக்கு வேடிக்கையானது. ரொட்டியின் விலை மாறாது, எடைதான் மாறும். கோதுமை விலை ஏறினால் அதே காசுக்குச் சின்ன ரொட்டி. ஆகவே எடையில் கைவைப்பதுதான் ரொட்டிக்காரரின் திருட்டு, அதைப் பிடிப்பதும் சுலபம்: தராசு போதும்.

நீதிபதியின் திருட்டைப் பிடிக்க எந்தத் தராசு? 1346ல் எட்வர்ட் 3 அரசர் நீதிபதிகளுக்கு ஓர் ஆணை போட்டார். யாரிடமும் பரிசு வாங்கக்கூடாது, சொற்ப மதிப்புள்ள சாப்பாடும் பானமும் மட்டும் விலக்கு. நாலே வருடத்தில், 1350ல், தலைமை நீதிபதி வில்லியம் தார்ப் கைக்கூலி வாங்கி மாட்டிக்கொண்டார். தூக்குத் தண்டனை என்று தீர்ப்பும் ஆனது. பிறகு? மன்னிப்பு கிடைத்தது. 1352ல் கருவூல நீதிமன்றத்தில் மறுபடியும் பதவி. மாவு கிள்ளியவன் பலகையில் நின்றான், நீதியைக் கிள்ளியவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்தக் கால அங்கதக் கவிதைகள் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. பில்லரிக்கு எட்டாத கழுத்துகளுக்கு அவை ஒரு பில்லரி. கவிஞர்கள் இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். எட்வர்ட் 2 காலத்துச் சீர்கேடுகளைப் பாடும் ‘சிமோனி’ என்ற கவிதை 1330களில் உருவான ஆக்கின்லெக் கையெழுத்துப் பிரதியில் இருக்கிறது. அது சந்தைப் பித்தலாட்டங்களுக்கு வந்ததும், ‘கலீசியாவின் புனித ஜேம்ஸ் மேல் ஆணையாக, பில்லரியையும் முக்குநாற்காலியையும் சும்மாதான் செய்துவைத்திருக்கிறார்கள்’ என்று அலுத்துக்கொள்கிறது. முக்குநாற்காலி என்பது பீர் விற்கும் பெண்களையும் சண்டைக்காரிகளையும் உட்காரவைத்து அவமானப்படுத்தும் நாற்காலி.

அதே கவிதையில் ஒரு வக்கீல் வருகிறார். நீதிமன்றத் தடுப்புக்கு முன் நிற்கிறார். தலைக்குல்லாயைக் கழற்றுவதற்கே நாற்பது பென்னி. பிறகு உங்களுக்காக ஒரு வார்த்தையோ இரண்டு வார்த்தையோ பேசுவார். அதனால் உங்களுக்குப் பெரிதாக எதுவும் ஆகப்போவதில்லை. குல்லாய் கழற்றுவது நீதிபதிக்குக் காட்டும் மரியாதை. கவிஞர் அதை ஒரு விலைப்பட்டியலாக மாற்றிவிடுகிறார். ‘வக்கீல்கள் பேராசைக்காரர்கள்’ என்று லத்தீன் கவிதைகள் அதற்கு முன்பே நூறு விதமாகச் சொல்லியாகிவிட்டது. பணமே ராஜா, பணமே போப் என்ற அந்தப் பாட்டெல்லாம் எனக்குச் சீக்கிரம் சலித்துவிடும். குல்லாய்க்கு நாற்பது பென்னி என்பது சலிக்கவில்லை.

லட்லோ என்ற எல்லைப்புற ஊரில் ஒரு எழுத்தர் இருந்தார். பெயர் தெரியாது, கையெழுத்து தெரியும். 1314 முதல் 1349 வரை நிலப் பத்திரங்கள் எழுதிக்கொடுத்துப் பிழைத்தவர். அவருடைய கையெழுத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பத்திரங்கள் கிடைத்திருக்கின்றன. 1340 வாக்கில் அதே கை ஒரு கவிதைத் தொகுப்பையும் படியெடுத்தது. இன்று ஹார்லி 2253 என்ற எண்ணோடு பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பகலில் சட்டத்துக்கு எழுதிய கை, சட்டத்தைத் திட்டும் கவிதைகளையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதில் இரண்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.

முதலாவது, திருச்சபை நீதிமன்றத்தைப் பற்றிய ஆங்கிலக் கவிதை. கொலை, திருட்டு எல்லாம் அரசரின் நீதிமன்றத்துக்குப் போகும். படுக்கையறைக் குற்றங்கள் திருச்சபைக்கு. பேசுபவன் படிப்பில்லாத ஒரு பாமரன். ஒரு பெண்ணோடு பழகிய வழக்கில் இழுக்கப்பட்டிருக்கிறான். தலைமை இடத்தில் கறுப்பு அங்கி போட்ட ஒரு கிழவர். எதிரே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்து அவன் பாவங்களை எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எழுதத் தெரியாதவனுக்கு எழுதுபவர்கள்மேல் வரும் பயத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன இடம் வேறு எனக்கு நினைவில்லை. பிறகு பெண்ணைக் கூப்பிடுகிறார்கள். சேற்றில் புரண்ட நீர்க்கோழி மாதிரி அவள் வந்து நிற்கிறாள். இவனைக் கட்டிவைக்கச் சொல்லிக் கத்துகிறாள். மாட்டேன் என்றால் என்ன ஆகும்? ‘கோயிலிலும் சந்தையிலும் நாய் மாதிரி விரட்டப்படுகிறேன்’ என்கிறான் அவன். கசையடியோடு ஊரைச் சுற்றி ஓட்டுவது அந்த நீதிமன்றத்தின் வழக்கமான தண்டனை.

கவிஞர் யார் பக்கம் என்பதுதான் கேள்வி. அவன் யோக்கியன் அல்ல என்பது அவன் பேச்சிலேயே தெரிகிறது. பெண்ணைப் பற்றி அவன் பேசுவது அசிங்கமாகவே இருக்கிறது. நீதிமன்றமும் கேலிக்குரியது, புலம்புகிறவனும் கேலிக்குரியவன். அங்கதம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. இதைப் பாமரனின் நியாயமான கோபம் என்று மட்டும் படிக்கிறவர்கள் பாதிக் கவிதையைத்தான் படிக்கிறார்கள்.

இரண்டாவது கவிதை ஆங்கிலத்தில் இல்லை. அன்றைய இங்கிலாந்தின் சட்டமொழியான பிரெஞ்சில் இருக்கிறது. ஆனாலும் இதைத் தள்ளிவைக்க முடியாது. 1305ல் எட்வர்ட் 1 அரசர் டிரெயில்பேஸ்டன் என்ற சிறப்பு நீதிமன்றங்களை மாவட்டம் மாவட்டமாக அனுப்பினார். தடியை இழுத்துக்கொண்டு திரிபவர்கள் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். கூலிக்கு அடிக்கும் ரவுடிக் கும்பல்களைக் குறிவைத்த நடவடிக்கை. கடைசியில் சில்லறை அடிதடிகளையும் அள்ளிப்போட்டு அபராதம் வசூலிப்பதாக ஆனது. அரசருக்குப் போர்ச் செலவு இருந்தது.

கவிதையின் ஆள் அதே அரசருக்காக ஃப்ளாண்டர்ஸ், ஸ்காட்லாந்து, கஸ்கனி மூன்று இடத்திலும் சண்டை போட்டவன். இப்போது தலைமறைவாகக் காட்டில் இருக்கிறான். அவன் கேட்கும் கேள்வி: என் வேலைக்காரப் பையனைத் திருத்துவதற்கு ஒரு அறை, இரண்டு அறை கொடுத்தால், அவன் என்மேல் மனு போடுகிறான். நாற்பது ஷில்லிங் கொடுத்தால்தான் வெளியே வரலாம். ஆழத்துச் சிறையில் போடாமலிருக்க ஷெரிஃபுக்குத் தனியாகக் கொடுக்கவேண்டும். இது நியாயமா? பையனைக் கேட்டால் வேறு கதை சொல்லியிருப்பான். அவன் பாடல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை.

நீதிபதிகளை இந்தக் கவிதை பெயர் சொல்லியே பிரிக்கிறது. மார்ட்டினும் நோவிலும் இரக்கமுள்ளவர்கள், ஏழைகளுக்காகப் பிரார்த்திப்பவர்கள். ஸ்பிகர்னலும் பெல்ஃப்ளௌரும் கொடியவர்கள். இந்த இரண்டு பேர் மட்டும் என் கையில் கிடைத்தால் டிரெயில்பேஸ்டன் விளையாட்டை நானே சொல்லித்தருவேன். முதுகையும் பிட்டத்தையும் உடைப்பேன், கையையும் காலையும் முறிப்பேன், நாக்கை அறுப்பேன், அதுதான் நியாயம் என்கிறான். குற்றவாளி நீதிபதியாகித் தண்டனைப் பட்டியல் படிக்கும் இந்த இடத்தில், அவனைத் துரத்துகிறவர்களுக்கு ஏன் அவன்மேல் சந்தேகம் வந்தது என்பதும் நமக்குப் புரிந்துவிடுகிறது. முடிவில், இந்தப் பாட்டு காட்டில் ஒரு மரத்தடியில் கட்டப்பட்டது, அங்கே பிளாக்பேர்டும் நைட்டிங்கேலும் பாடும், வல்லூறு வட்டமிடும், தோலில் எழுதி நெடுஞ்சாலையில் போட்டிருக்கிறேன், யாராவது எடுக்கட்டும் என்கிறான். தண்டனை அறிவிப்பைச் சந்தையில் வாசிப்பார்கள். அதற்கு எதிர் அறிவிப்பு சாலையில் கிடக்கிறது.

இப்போது லாங்லண்டிடம் வரலாம். 1360களில் தொடங்கி வாழ்நாள் முழுக்க ஒரே கவிதையைத் திரும்பத் திரும்ப எழுதியவர் அவர். மூன்று வடிவங்கள் இருக்கின்றன, ஐம்பதுக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள். ஆரம்பத்திலேயே பட்டுக் குல்லாய் போட்ட வக்கீல் கூட்டம் வருகிறது. ‘மால்வெர்ன் மலையில் மூடுபனியை அளந்தாலும் அளக்கலாம், காசைக் காட்டுமுன் அவர்கள் வாயிலிருந்து ஒரு ம் வாங்கமுடியாது’ என்று ஒரு அடி. ‘சிமோனி’யின் வக்கீல் குல்லாய்க்கு வாங்கினார், இவர்கள் முனகலுக்கே வாங்குகிறார்கள்.

அவருடைய பெரிய வில்லி மீட் என்ற சீமாட்டி. அந்தப் பழைய ஆங்கிலச் சொல்லுக்கு வெகுமதி, ஊதியம், லஞ்சம் எல்லாமே பொருள். ஆங்கிலேயர்கள் இதை விளக்க இன்று அடிக்குறிப்பு போடவேண்டியிருக்கிறது. தமிழில் அந்தச் சிரமம் இல்லை. கூலி, கைக்கூலி. ஒரு கை சேர்ந்தால் போதும், உழைத்ததற்குக் கிடைப்பது வாங்கக்கூடாததாகிவிடும். கவிதையில் இதைப் பற்றி ஒரு முழு விவாதமே நடக்கிறது: வேலைக்குத் தகுந்த கூலி மீட் ஆகாது என்கிறது மனசாட்சி. இந்தச் சீமாட்டியில் எட்வர்ட் 3 அரசரின் ஆசைநாயகி ஆலிஸ் பெரர்ஸின் சாயலைப் பார்க்கிறவர்கள் உண்டு. 1376ல் கூடிய நாடாளுமன்றம் அவள் நீதிமன்ற விவகாரங்களில் தலையிடுகிறாள் என்று புகார் செய்தது. நான் அந்த அடையாளத்தை அதிகம் நம்பவில்லை. ஒரு பெண்மேல் சுமத்திவிட்டால் விஷயம் சின்னதாகிவிடுகிறது.

மீட் அரசவையும் நீதிமன்றங்களும் இருந்த வெஸ்ட்மின்ஸ்டருக்கு வந்ததும் நகர அதிகாரிகளிடம் ஒன்று கேட்கிறாள்: சட்டத்தை மீறுகிற கடைக்காரர்களைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள். இங்கே கவிஞர் கதையை நிறுத்தி, பில்லரியிலும் முக்குநாற்காலியிலும் தண்டிக்கப்படவேண்டியவர்கள் யார் என்று பட்டியல் போடுகிறார். பீர் காய்ச்சுபவர்கள், ரொட்டிக்காரர்கள், கறிக்கடைக்காரர்கள், சமையல்காரர்கள். ஏன் அவர்கள்? ‘கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிற ஏழைகளுக்கு அதிகம் கெடுதல் செய்பவர்கள் இவர்கள்தான்.’ மூட்டையாக வாங்குகிறவன் எடை பார்த்து வாங்குவான். அரைப்படி, காலாழாக்கு என்று வாங்குகிறவனிடம்தான் ஒவ்வொரு தடவையும் ஒரு கிள்ளு போகும். ஜான் பிரிட்டின் மேசைக்கு அடியிலிருந்த கை ஞாபகம் வருகிறதா? பேராசை என்ற பாத்திரம் பின்னால் பாவமன்னிப்புக்கு வரும்போது தன் மனைவி ரோஸ் பற்றிச் சொல்கிறான். நல்ல பீரைப் படுக்கையறையில் ஒளித்துவைப்பாள். ஒரு கேலனுக்கு நாலு பென்னி. அதையும் கிண்ணம் கிண்ணமாக ஊற்றித்தான் விற்பாள்.

இதைவிட முக்கியமான இடம் அரசவைக் காட்சி. பீஸ், அதாவது அமைதி, ரத்தம் வழியும் தலையோடு மனு கொடுக்க வருகிறான். ராங், அதாவது அநியாயம், அவனுடைய பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். வாத்துகளையும் பன்றிக்குட்டிகளையும் அவன் ஆட்கள் பிடித்துப் போனார்கள். குதிரையை இரவல் வாங்கினான், திருப்பித் தரவில்லை, கால்காசும் கொடுக்கவில்லை. களஞ்சியக் கதவை உடைத்துக் கோதுமையை அள்ளினான். பத்துக் குவார்ட்டர் (ஒரு தானிய அளவு) ஓட்ஸுக்கு ஒரு கணக்குக்குச்சியை நீட்டினான். ரசீது மாதிரி வைத்துக்கொள்ளலாம், பணம் வராது. எதிர்த்துப் பேசினால் அடி. இது கற்பனைப் பட்டியல் போலத் தோன்றலாம். அன்றைய மனுக்களைப் பார்த்தவர்களுக்கு இதன் நடை அப்படியே மனு நடை என்று தெரியும். அரண்மனைக்குப் பொருள் கொள்முதல் செய்கிறோம் என்று வரும் அதிகாரிகள் கொடுத்த கணக்குக்குச்சிகள் நாடு முழுக்கப் புகாராக இருந்தன.

ராங் பயந்துபோய் விஸ்டம், விட், அதாவது ஞானம், சாமர்த்தியம், என்ற இரண்டு வக்கீல்களைப் பிடிக்கிறான். அரசர் ராங்கை இரும்பில் பூட்டச் சொல்கிறார், ஏழு வருடத்துக்குத் தன் காலையே பார்க்கக்கூடாது என்று. வக்கீல்கள் யோசனை சொல்கிறார்கள்: ஜாமீன் கொடுங்கள், நஷ்டஈடு கட்டட்டும், கெட்டதைத் தண்டிப்பதைவிட ஈடுகட்டுவது நல்லது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மீட் முன்னால் வந்து பீஸ் கையில் தங்கத்தை வைத்து, ‘உன் காயத்துக்கு இதை வைத்துக்கொள்ளப்பா, இனிமேல் அவன் இப்படிச் செய்யமாட்டான், நான் பொறுப்பு’ என்கிறாள். பீஸ் தங்கத்தை வாங்கிக்கொள்கிறான். வாங்கிக்கொண்டு அரசரிடம் ராங்குக்காக மன்றாடுகிறான்: எனக்கு நல்லபடியாகக் கொடுத்துவிட்டார், எனக்குக் குறையில்லை.

அரசர் மறுத்துவிடுகிறார். இவ்வளவு சுலபமாக இவன் போனால் சிரிப்பான், என் ஆட்களை அடிக்க இன்னும் துணிவான் என்கிறார்.

பாதிக்கப்பட்டவனே போதும் என்கிறபோது அரசருக்கு என்ன வந்தது? இங்கேதான் பெயர் வேலை செய்கிறது. அன்றைய குற்றப்பத்திரிகைகளில் தவறாமல் வரும் ஒரு தொடர் ‘அரசரின் அமைதிக்கு எதிராக’. அமைதி என்பது ஒரு தனி ஆள் அல்ல. அது அரசருடையது, நாட்டுடையது. அடிபட்ட பீஸுக்குத் தங்கம் கொடுத்து வாயை மூடலாம். ஆனால் மண்டை உடைந்தது அவனுக்கு மட்டுமல்ல. பழைய நாட்களில் கொலைக்கும் காயத்துக்கும் குடும்பத்தோடு பேசித் தொகை கட்டிவிடலாம். அந்த ஏற்பாட்டிலிருந்து, குற்றம் என்பது அரசுக்கு எதிரானது என்ற ஏற்பாட்டுக்குச் சட்டம் நகர்ந்தபோது நடந்த இழுபறி முழுவதையும் ஒரு மனிதன் தங்கத்தை வாங்கிக்கொள்ளும் இந்த ஒரு கணத்தில் வைத்துவிட்டார் லாங்லண்ட். எந்தக் குற்றமும் தண்டனையில்லாமல் போகக்கூடாது, எந்த நல்லதும் பலனில்லாமல் போகக்கூடாது என்று ரீசன், அதாவது அறிவு, தீர்ப்புச் சொல்கிறது. அவையே மீட்டைத் திட்டுகிறது. ஆனால் ஒரு ஜூரியும், திருச்சபை நீதிமன்றத்துக்கு ஆட்களை அழைத்துவரும் ஒரு சம்மன்காரனும் மட்டும் அவள் பின்னாலேயே வேகமாகப் போகிறார்கள். அந்த ஓர் அடியை எழுதும்போது லாங்லண்ட் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ராங்குக்கு எதிரே இன்னொரு குற்றவாளியைப் பார்க்கவேண்டும். ராபர்ட் என்ற திருடன். பாவமன்னிப்பு வரிசையில் அவனும் வருகிறான். ‘எடுத்ததைத் திருப்பிக் கொடு’ என்ற லத்தீன் சொல்லைப் பார்க்கிறான். கொடுக்க ஒன்றும் இல்லை, அழுகிறான். சிலுவையில் பக்கத்தில் தொங்கிய திருடனை மன்னித்தாயே, என்னையும் மன்னி என்கிறான். இவனுக்கு என்ன ஆயிற்று? ‘சரியாகச் சொல்லத் தெரியவில்லை, கண்ணீர்விட்டு அழுதான் என்பது மட்டும் தெரியும்’ என்று கவிஞர் கைவிரிக்கிறார். பணமுள்ளவன் ஈடுகட்ட முன்வந்தபோது கதவு மூடியது. பணமில்லாதவன் அழுதபோது கதவு திறந்ததா என்று தெரியவில்லை.

படிப்பும் ஒரு பணம்தான். அந்தக் காலத்தில் பன்னிரண்டு பென்னிக்குமேல் மதிப்புள்ள திருட்டுக்குத் தூக்கு. ஆனால் குற்றவாளி குருமார் வகுப்பைச் சேர்ந்தவன் என்றால் அரசரின் நீதிமன்றம் அவனைத் தூக்கிலிட முடியாது, பிஷப்பிடம் ஒப்படைக்கவேண்டும். குருவா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லத்தீன் வேதாகமத்தை நீட்டி வாசிக்கச் சொல்வார்கள். வாசித்தால் குரு. இதைப் பற்றி லாங்லண்ட், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவரை அந்தப் பிள்ளை வாழ்த்தவேண்டும் என்று கல்வியின் பெருமையை நெகிழ்ந்து பாடிக்கொண்டே வந்து, ஒரு சங்கீத வரியைச் சொல்லி, ‘ரசமான வரி இது, டைபர்னிலிருந்து இருபது முரட்டுத் திருடர்களைக் காப்பாற்றியிருக்கிறது; படிக்காத திருடர்கள் அங்கே தொங்குகிறார்கள்’ என்று முடிக்கிறார். டைபர்ன் லண்டனின் தூக்குமேடை. ‘கடவுளே என் சுதந்தரத்தின் பங்கு’ என்பது அந்த வரி. சுதந்தரம் என்றால் இங்கே பரம்பரைச் சொத்து. பங்கு கிடைத்துவிட்டது.

லாங்லண்டுக்குப் பக்கத்தில் ஜெஃப்ரி சாசரை வைத்தால் குரல் முற்றிலும் வேறு. சாசர் 1380களில் கென்ட் மாவட்டத்தில் நீதித்துறைப் பொறுப்பில் இருந்தவர். 1390ல் அரசரின் கட்டட வேலைகளைக் கவனித்தபோது கொள்ளையரிடம் பணத்தைப் பறிகொடுத்தவர். இரண்டு பக்கமும் தெரியும். அவருடைய துறவி சொல்லும் கதையில் ஒரு சம்மன்காரன் பொய்க் கேஸ் காட்டி ஒரு ஏழைக் கிழவியிடம் பன்னிரண்டு பென்னி பறிக்கப் போகிறான். வழியில் சாத்தானோடு நட்பாகிவிடுகிறது. ஒரு வண்டிக்காரன் சேற்றில் மாட்டிய குதிரைகளைச் சாத்தான் கொண்டுபோகட்டும் என்று கத்துகிறான். பிடித்துக்கொள்ளேன் என்கிறான் சம்மன்காரன். சாத்தான் மறுக்கிறான்: அவன் மனசாரச் சொல்லவில்லை.

கிழவி வீட்டில், காசு இல்லையென்றதும் சம்மன்காரன் அவளுடைய புது வாணலியைக் கேட்கிறான். உன்னையும் என் வாணலியையும் கரிய சாத்தான் கொண்டுபோகட்டும் என்கிறாள் அவள். உடனே சாத்தான் வெகு மரியாதையாக, ‘மேபெலி, என் அம்மா, இது நிஜமாகவே உன் விருப்பமா?’ என்று கேட்கிறான். அவன் திருந்தாவிட்டால் கொண்டுபோகட்டும் என்கிறாள். திருந்துவதற்கு எனக்கு எண்ணமில்லை என்கிறான் சம்மன்காரன். அவ்வளவுதான். ஆளும் வாணலியும் நரகத்துக்கு. கவனியுங்கள், கதை முழுவதிலும் வாக்குமூலத்தின் உள்நோக்கத்தை விசாரித்து, எதிர்த்தரப்புக்குத் திருந்த வாய்ப்புக் கொடுத்து, அதன்பின் தீர்ப்பை நிறைவேற்றிய ஒரே அதிகாரி சாத்தான்தான்.

கார்ன்ஹில்லுக்குத் திரும்பவேண்டும். 15ஆம் நூற்றாண்டில் ஒரு கென்ட்காரன் நீதி கேட்டு லண்டன் வருகிறான். ‘லண்டன் லிக்பென்னி’ என்ற அந்தப் பாட்டில் அவன் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒவ்வொரு நீதிமன்றமாக ஏறி இறங்குகிறான். பத்திக்குப் பத்தி ஒரே பல்லவி: பணம் இல்லாததால் காரியம் ஆகவில்லை. கூட்டத்தில் அவன் தலைக்குல்லாய் பறிபோகிறது. திரும்பி வரும் வழியில் கார்ன்ஹில்லில் திருட்டுச் சாமான்களுக்கு நடுவே அதே குல்லாய் தொங்குகிறது. விசுவாசப் பிரமாணம் மாதிரி அதை எனக்குத் தெரியும் என்கிறான். சொந்தக் குல்லாயைக் காசு கொடுத்து வாங்குவது தப்பு என்றும் தோன்றுகிறது. வாங்கக் காசும் இல்லை. வக்கீல் காசுக்குத் தன் குல்லாயைக் கழற்றிய கவிதை ஒன்று, காசில்லாதவன் குல்லாயை ஊர் கழற்றிய கவிதை இன்னொன்று. படகுக்காரனுக்குக் கொடுக்க இரண்டு பென்னி இல்லாமல் அவன் நடந்தே ஊர் போய்ச் சேர்கிறான்.

இப்படியெல்லாம் எழுதியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையா? தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என்று இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகத் திட்டுவது ஒன்று, மறைத்துத் திட்டுவது ஒன்று. அந்தப் பிரிவு இங்கே அப்படியே பொருந்துகிறது. நீதிபதிகளைப் பெயர் சொன்னவன் தன் பெயரைச் சொல்லாமல் காட்டில் ஒளிந்துகொண்டான். தன் பெயரை விட்டுச்சென்ற லாங்லண்ட், மற்றவர்களின் பெயரை மறைத்தார். காரணம் சட்டம். பெரிய மனிதர்களைப் பற்றிப் பொய்ச்செய்தி பரப்பினால், முதலில் சொன்னவனைக் காட்டிக்கொடுக்கும்வரை சிறை என்று 1275லேயே விதி இருந்தது. 1378ல் அதைப் புதுப்பித்து நீதிபதிகளையும் பட்டியலில் சேர்த்தார்கள். அதே காலத்தில் லாங்லண்ட் தன் கவிதையில் பூனைக்கு மணிகட்ட எலிகள் கூடிய கதையைச் சொல்லி, ‘இதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள், எனக்குத் தைரியமில்லை’ என்கிறார்.

மற்றவர்கள் கண்டுபிடித்தார்கள். 1381 உழவர் கலகத்தில் ஜான் பால் என்ற பாதிரியார் பெயரில் சுற்றிய கடிதம் ஒன்று, ‘உழவன் பியர்ஸ் வேலைக்குப் போகட்டும், திருடன் ஹாப்பை நன்றாகத் தண்டிக்கட்டும்’ என்றது. ஹாப் என்பது ராபர்ட்டின் செல்லப்பெயர். கவிதையில் கொடுக்க ஒன்றுமில்லாமல் அழுத அந்தத் திருடன், கடிதத்தில் அரசாங்கப் பொருளாளர் ராபர்ட் ஹேல்ஸ் ஆகிவிட்டான் என்றே பலரும் படிக்கிறார்கள். ஹேல்ஸின் தலையைக் கலகக்காரர்கள் வெட்டினார்கள். தூக்குக்குப் போகவிருந்த ஒருவனின் சட்டைக் கைக்குள் இந்தக் கடிதம் அகப்பட்டது என்று ஒரு துறவியின் வரலாற்றேடு சொல்கிறது. ஜான் பாலை அந்த ஜூலை 15ஆம் தேதி செயின்ட் ஆல்பன்ஸில் தூக்கிலிட்டு, குடல் எடுத்து, நாலு துண்டாக வெட்டினார்கள். லாங்லண்ட் கடைசி வடிவத்தில் சில இடங்களை மாற்றி எழுதியதற்கு இந்தக் கலகமும் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்வதில் ஆச்சரியமில்லை.

நூறு வருடம் கழித்து ஒரு பூனையும் எலியும் மறுபடி வந்தன. 1484 ஜூலையில் செயின்ட் பால் தேவாலயக் கதவில் இரண்டே அடி ஒட்டப்பட்டிருந்தது: பூனையும் எலியும் நம் நாய் லவெலும் ஒரு பன்றிக்குக் கீழே இங்கிலாந்தை ஆள்கின்றன. பூனை வில்லியம் கேட்ஸ்பி, எலி ரிச்சர்ட் ராட்கிளிஃப். லவெலையும் சேர்த்து மூவரும் அரசரின் நெருங்கிய ஆட்கள். லவெல் குலத்தின் சின்னம் நாய் ஜாதி. வெள்ளைக் காட்டுப்பன்றி ரிச்சர்ட் 3 அரசரின் சின்னம். ஒட்டியவர் வில்லியம் காலிங்போர்ன். அரியணைக்குப் போட்டியாகக் கடல் கடந்திருந்த ஹென்றி டியூடருக்கு ஆள் அனுப்பினார் என்பதுதான் அவர்மேல் இருந்த பெரிய குற்றச்சாட்டு, ஆனால் குற்றப்பத்திரிகையில் இந்தப் பாட்டும் ஏறியது. டவர் ஹில்லில் அவருக்கென்றே புதிதாகத் தூக்குமரம் நட்டார்கள். தூக்கில் முழுதாகச் சாகவிடாமல் இறக்கி, உயிரோடு வயிற்றைக் கிழித்தார்கள்.

மறு வருடம் ஆகஸ்டில் பன்றியும் எலியும் பாஸ்வொர்த் போர்க்களத்தில் விழுந்தார்கள். பூனையை மூன்று நாள் கழித்து லெஸ்டரில் தலை வெட்டினார்கள். நாய் மட்டும் தப்பித்து ஓடியது. 1487ல் ஸ்டோக் சண்டையில் கடைசியாகக் காணப்பட்டது.